போடோ/கிளிம்ட்: ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே ஒரு கால்பந்து கிளப் எழுந்த கதை

1975 அக்டோபரில் ஓஸ்லோவின் உல்லெவோல் மைதானத்தில் நார்வே கோப்பையின் இறுதிப் போட்டி நடந்தது. வடக்கிலிருந்து வந்த போடோ/கிளிம்ட் அணி, ஹௌகசுண்ட் நகரத்து வார்ட் அணியை 2–0 என்று வென்றது. வடநார்வே கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு லீகிலும் கிளிம்ட் தன் பிரிவில் முதலிடம். அப்படியிருந்தும் 1976-ல் அது மறுபடி இரண்டாம் டிவிஷனில்தான் ஆடியது.

காரணம் ஒரு விதி. இரண்டாம் டிவிஷன் மூன்று பிரிவுகளாக இருந்தது, தெற்கில் இரண்டு, வடக்கில் ஒன்று. தெற்குப் பிரிவுகளில் முதலாவதாக வந்தவர்கள் நேராக மேல் டிவிஷனுக்குப் போனார்கள். வடக்கில் முதலாவதாக வந்தவர்களோ, தெற்கில் இரண்டாவதாக வந்தவர்களோடு தகுதிச் சுற்று ஆடி ஜெயிக்க வேண்டும். 1974-லும் 1975-லும் கிளிம்ட் தன் பிரிவை வென்றது, இரண்டு முறையும் அந்தத் தகுதிச் சுற்றில் விழுந்தது. நாட்டின் கோப்பையை வென்ற அணிக்கே இந்த நிலை.

2020-க்குப் பிறகு போடோ/கிளிம்ட் பற்றி உலகப் பத்திரிகைகளில் வந்த எழுத்துகளில் 'அதிசயம்' என்ற வார்த்தை ஓயாமல் வருகிறது. பனி, இருட்டு, மீன்பிடி ஊர், திடீரென்று இத்தாலியின் ரோமா கிளப்புக்கு எதிராக ஆறு கோல். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தை இரண்டு விஷயங்களை மறைத்துவிடுகிறது. ஒன்று, இந்த ஊர்க்காரர்களால் கால்பந்து ஆட முடியாது என்று பல பத்தாண்டுகள் நாடே நம்பியது, அந்த நம்பிக்கையை விதியாகவும் எழுதி வைத்தது. இன்னொன்று, இன்று நாம் பார்க்கும் அணி 2017-லிருந்து நாள்தோறும் செய்த, வெளியே அதிகம் தெரியாத வேலையின் விளைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிளிம்டின் கதை பிடிபடும்.

முதலில் ஊரைப் பற்றி. போடோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. மக்கள் தொகை ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஜூனில் நள்ளிரவிலும் சூரியன் மறையாது, டிசம்பர் நடுவில் பகலிலும் சரியாகத் தலைகாட்டாது. 1940 மே 27-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி நகரத்தின் மையப் பகுதியைத் தரைமட்டமாக்கின. இன்றைய போடோ பெரும்பாலும் போருக்குப் பிறகு எழுப்பப்பட்டது. பனிப்போர் காலத்தில் நேட்டோவின் முக்கியமான விமானத் தளம் இங்கே இருந்தது. அந்தத் தளத்துக்கும் கால்பந்துக்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறேன். தெற்கோடு ரயில் தொடர்பு வந்ததே 1962-ல்தான், அந்த ரயிலிலும் டிரொண்ட்ஹைம் போய்ச் சேர 729 கிலோமீட்டர்.

கிளப் தொடங்கியது 1916-ல், வெறும் 'கிளிம்ட்' என்ற பெயரில். அதே பெயரில் இன்னொரு கிளப்பும் இருந்ததால் 1948-ல் ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்க காலத்தில் வடநார்வே கிளப்புகள் தங்களுக்குள் ஒரு வட்டாரச் சாம்பியன்ஷிப் நடத்திக்கொண்டன. நாட்டுக் கோப்பையில் அவற்றுக்கு இடம் கிடைத்தது 1963-ல். மேல் டிவிஷனுக்கு ஏறும் உரிமையைப் பெற 1972 வரை காத்திருந்தார்கள். பயண தூரம், செலவு, வானிலை என்று சொல்லப்பட்ட காரணங்களில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அடியில் இருந்தது, வடக்கத்தி அணிகளின் தரம் போதாது என்ற எண்ணம். தரத்தைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே கொடுக்காமல் தரம் போதாது என்று முடிவு செய்வது எந்த ஊரிலும் நடக்கிறதுதான். இங்கே அது லீகின் அமைப்பாகவே ஆகிவிட்டது.

1972-ல் முதன்முதலாக மேலே வந்தது நார்விக் நகரத்து மியோல்னர் கிளப். அதே ஆண்டில் திரும்பக் கீழே போய்விட்டது. அப்புறம் 1976-ல் கிளிம்ட் ஒருவழியாகத் தகுதி பெற்றது. 1977, மேல் டிவிஷனில் அதன் முதல் பருவம். லீகில் இரண்டாமிடம், கோப்பையில் இறுதிப் போட்டி. இரண்டிலும் லில்லஸ்ட்ரோம் அணிதான் முந்தியது. வாய்ப்புக் கொடுத்த முதல் ஆண்டிலேயே நாட்டில் இரண்டாமிடம் பிடிக்கக்கூடிய அணியைத்தான் இத்தனை நாள் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இதற்கு மேல் அந்த விதியைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை.

அந்த எழுபதுகளின் அணியில் பெரிய பெயர் ஹரால்ட் பெர்க். நெதர்லாந்தில் டென் ஹாக் நகரத்து கிளப்பில் சில ஆண்டுகள் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் பிள்ளைகள் ரூனர், ஓர்யான், ஆரில்ட் மூவருமே கிளிம்டுக்கு ஆடினார்கள். ஓர்யானின் மகன் பாத்ரிக் பெர்க்தான் இன்றைய அணியின் கேப்டன், நடுக்களத்தில் எல்லாப் பந்தும் கடந்து போகிற ஆள். மூன்று தலைமுறை ஒரே மஞ்சள் சட்டையில். கிளிம்டின் சொந்த மைதானமான ஆஸ்ப்மீராவில் ரசிகர்கள் ஆளுயர மஞ்சள் பல் பிரஷ்களைத் தூக்கி ஆட்டும் வழக்கமும் அந்த எழுபதுகளில் தொடங்கியதுதான். ஐரோப்பியப் போட்டிகளுக்கு வருகிற அணிகளுக்கு அதையே நினைவுப் பரிசாகவும் கொடுக்கிறார்கள்.

ஐரோப்பிய அனுபவமும் அப்போதே வந்துவிட்டது. 1976-ல் கோப்பை வென்றோர் கோப்பையில், அதாவது நாட்டுக் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியப் போட்டியில், இத்தாலியின் நாப்போலியிடம் தோற்றார்கள். 1978-ல் இன்டர் மிலனிடம், மிலனில் மட்டுமே 5–0. அந்தக் காலத்தில் நார்வே கிளப்புகளுக்கு இதெல்லாம் வழக்கமான முடிவு. 1980-ல் கிளிம்ட் மேல் டிவிஷனிலிருந்து இறங்கியது. பிறகு மூன்றாம் டிவிஷன் வரைக்கும் சரிந்து, மறுபடி மேலே வர 1993 ஆகிவிட்டது.

1993-ம் 1977 போலவே. ட்ரொண்ட் சொலியெட் பயிற்சியில் வந்த அணி முதல் பருவத்திலேயே லீகில் இரண்டாமிடம், கூடவே ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் அணியை வென்று கோப்பையும். 1996-ல் இன்னொரு இறுதிப் போட்டி, இந்த முறை எதிரே இருந்தது வடக்கின் மற்றொரு கிளப்பான ட்ரொம்சோ. தெற்குக்காரர்கள் யாரும் இல்லாத இறுதிப் போட்டி அது. கிளிம்ட் 2–1 என்று தோற்றது. 2003-ல் திரும்பவும் லீகில் இரண்டாமிடம், கோப்பை இறுதியில் தோல்வி. இரண்டே ஆண்டில், 2005-ல், டிவிஷன் இறக்கம். 2007-ல் ஏற்றம். 2009-ல் இறக்கம். 2013-ல் ஏற்றம். 2016-ல் இறக்கம்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஊரின் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தலைமுறை ஒன்று சேர்ந்து வந்தால் கிளிம்ட் மேலே போகும். அதில் சிறந்த இரண்டு மூன்று பேரை டிரொண்ட்ஹைமின் ரோசன்போர்க் வாங்கிவிடும், அல்லது வெளிநாடு. இடத்தை நிரப்பக் கிளப்பிடம் வழி இருக்காது. அவசரத்துக்கு வாங்கிய வீரர்களின் சம்பளம் கழுத்தை நெரிக்கும். 2010-ஐ ஒட்டிய நாட்களில் நிலைமை திவாலின் விளிம்புக்கே போனது, வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ரசிகர்கள் காலி பாட்டில்களைச் சேகரித்துக் கடையில் கொடுத்து, பாட்டிலுக்காகத் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகையைக் கிளப்புக்குக் கட்டினார்கள். மீனவர்கள் விற்றுக்கொள்ளச் சொல்லி மீன் கொடுத்தார்கள். இதைப் பலரும் உருக்கமான சம்பவமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. நார்வே விளையாட்டுச் சட்டப்படி கிளப் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள்தான் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பணக்காரர் வந்து மொத்தமாக வாங்கிவிட முடியாது. அதாவது கைதூக்கி விடவும் யாரும் வரமாட்டார்கள். ஊர் மக்கள் விட்டிருந்தால் கிளப் போயிருக்கும்.

இங்கே ரோசன்போர்க் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நார்வேயில் ஒரு கிளப் ஐரோப்பாவுக்குள் நுழைந்து நிமிர்ந்து நிற்பது இது முதல் தடவை இல்லை. 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 லீக் பட்டங்களை ரோசன்போர்க் வென்றது. அதில் பெரும்பாலான ஆண்டுகள் நில்ஸ் ஆர்ன எக்கன்தான் பயிற்சியாளர். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. 4-3-3 அமைப்பு (தற்காப்பில் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று), ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் பலத்தை வெளியே கொண்டுவரும்படி ஆட வேண்டும் என்ற கொள்கை, அதே அசைவுகளைப் பயிற்சியில் நூறு நூறு தடவை திரும்பச் செய்வது. 1996 டிசம்பரில் மிலன் நகரத்து சான் சீரோ மைதானத்தில் ஏசி மிலனை 2–1 என்று வென்று, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலிருந்தே அவர்களை வெளியேற்றினார்கள். சாம்பியன்ஸ் லீக் பணம் ஆண்டுதோறும் வந்ததால் நாட்டுக்குள் யாராலும் அவர்களை நெருங்க முடியவில்லை. எக்கன் போன பிறகு அந்த முறை மெதுவாகக் கலைந்தது. வாங்கிய வீரர்களின் விலை கூடியது, அணியின் தரம் குறைந்தது. தலைநகரத்துக்கு வெளியே இருந்து, ஒரு தெளிவான ஆட்ட முறையை வைத்துக்கொண்டு மேலே வரலாம் என்பதற்கு நார்வேயின் சொந்த உதாரணம் அது. அந்த முறையைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

சரி, 2016-க்கு வருவோம். அந்த இறக்கத்துக்குப் பிறகு கிளிம்ட் நிர்வாகம் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தது. எல்லாரையும் மாற்றி, கையிலிருந்த பணத்தைக் கொட்டி உடனே மேலே வருவது ஒரு வழி. அவர்கள் எப்படி வேலை செய்வது என்பதையே மாற்றத் தீர்மானித்தார்கள். ஆஸ்முண்ட் பியோர்கான் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குத் துணையாக 2017-ல் ஷெட்டில் க்னூட்சன் வந்தார். பெர்கன் பகுதிக்காரர், அங்கே சிறிய கிளப்புகளில் பயிற்சி கொடுத்தவர், ஓசனே கிளப்பை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றியவர். மேல் டிவிஷனில் தலைமைப் பயிற்சியாளராக அதுவரை ஒரு நாள்கூட இருந்ததில்லை. 2017-ல் கிளிம்ட் மேலே ஏறியது. 2018-லிருந்து க்னூட்சன் தலைமைப் பயிற்சியாளர்.

அதே 2017-ல் வந்த இன்னொருவர் பியோர்ன் மான்ஸ்வெர்க். போடோ விமானத் தளத்தில் போர் விமானி. ஆப்கானிஸ்தானிலும் 2011-ல் லிபியாவிலும் பணியாற்றியவர். அவருடைய படைப்பிரிவில் விமானிகளுக்கு மனப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தியானம், கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுவது, பயத்தையும் தவறையும் மற்றவர் முன்னால் வெளிப்படையாகப் பேசுவது. முதலில் சந்தேகப்பட்டவர்களில் மான்ஸ்வெர்க்கும் ஒருவர், அனுபவித்துப் பார்த்துத்தான் நம்பினார். இறங்கிப்போன, நம்பிக்கையிழந்த கால்பந்து அணிக்கு அதையே சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கிளப் கேட்டது.

அவர் முதலில் ஆட்டக்காரர்களோடு தனித்தனியாகப் பேச ஆரம்பித்தார். உல்ரிக் சால்ட்னெஸ் என்ற நடுக்கள வீரர் போட்டிக்கு முன்னால் வரும் பதற்றத்தில் வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்டு, கால்பந்தையே விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். தோல்வி வந்தால், கோல் வாங்கினால், உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பேசப் பேச, அவரிடம் மாற்றம் தெரிந்தது. பின்னாளில் அவர் அணியின் அடையாளங்களில் ஒருவர் ஆனார். மற்ற வீரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இந்த மனப் பயிற்சியிலிருந்து அணியின் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, முடிவைப் பற்றி இலக்கு வைப்பதில்லை. இத்தனை புள்ளி, இத்தனையாவது இடம் என்று எதையும் பேசமாட்டார்கள். நாம் நினைத்தபடி ஆடினோமா, நேற்றைவிட இன்று பயிற்சியில் வேகம் கூடியதா என்பதுதான் கேள்வி. பட்டம் வெல்ல இன்னும் ஒரே ஆட்டம் என்கிற நிலையிலும் க்னூட்சனிடம் பத்திரிகையாளர்களுக்கு இந்தப் பதில்தான் கிடைத்தது. இரண்டாவது, எதிரணி கோல் அடித்துவிட்டால் களத்திலேயே எல்லாரும் வட்டமாக நின்று பேசிக்கொள்வது. யார் விட்டது என்று பழி போடுவதற்காக இல்லை. என்ன நடந்தது, அடுத்து என்ன செய்கிறோம் என்று ஒரு சில விநாடி பேசிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இது சடங்கு மாதிரி தெரியலாம். கோல் வாங்கியதும் அணிகள் தலையைத் தொங்கப் போட்டு அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டாவது கோலையும் வாங்குவதை அடிக்கடி பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

மனப் பயிற்சி மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. க்னூட்சனின் ஆட்ட முறைக்கு அது அடித்தளம், அவ்வளவுதான். அவர் அணியும் 4-3-3. பந்து போன அந்தக் கணமே முன்னால் ஓடி அழுத்துவார்கள், பின்வாங்கிக் காத்திருப்பது கிடையாது. பந்து கிடைத்தால் ஒன்றிரண்டு தொடுதலிலேயே அடுத்தவருக்கு. விங்கர்கள், அதாவது ஓரங்களில் ஆடும் முன்கள வீரர்கள், கோட்டோரம் நின்று எதிரணியை அகலமாக இழுப்பார்கள், நடுக்களத்திலிருந்து இருவர் அந்த இடைவெளியில் பாய்வார்கள். இப்படி 90 நிமிடமும் ஆட அசாத்தியமான மூச்சு வேண்டும். தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவரால் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது. ஏனென்றால் தற்காப்பு ஆட்டக்காரரும் ஆபத்தான பாஸைக் கொடுத்தாக வேண்டும், பின்னால் திறந்த வெளியை விட்டுவிட்டு முன்னால் ஓட வேண்டும். மான்ஸ்வெர்க்கின் வேலையும் க்னூட்சனின் வேலையும் இணைவது இந்த இடத்தில்தான்.

2018-ல் 11-ஆம் இடம். அப்போதும் யாரும் முறையை மாற்றச் சொல்லவில்லை. எத்தனையோ கிளப்புகள் அந்த இடத்தில் பயிற்சியாளரை அனுப்பியிருக்கும். 2019-ல் இரண்டாமிடம். 2020-ல் 30 ஆட்டங்களில் 26 வெற்றி, 3 டிரா, ஒரே ஒரு தோல்வி. 81 புள்ளி, 103 கோல். இரண்டாமிடம் வந்த மோல்டேவைவிட 19 புள்ளி அதிகம். நார்வே லீக் பட்டம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே போனது அதுவே முதல் தடவை. கொரோனா கட்டுப்பாட்டால் அரங்கில் கூட்டம் கூட முடியாத ஆண்டாகப் போனது, அந்த ஊர் மக்களுக்கு அது ஒரு பெரிய இழப்பு.

அந்த ஆண்டின் முன்வரிசை மூவர்: 27 கோல் அடித்த காஸ்பர் யுங்கர், ஃபிலிப் ஜிங்கர்நாகல், ஊர்ப் பையன் யென்ஸ் பெட்டர் ஹௌகே. செப்டம்பரில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீகின் தகுதி ஆட்டத்துக்காக சான் சீரோவுக்குப் போய் 3–2 என்று தோற்றார்கள். ஹௌகே அங்கே கோல் அடித்தார், சில நாட்களிலேயே ஏசி மிலன் அவரை வாங்கிவிட்டது. பருவம் முடிந்ததும் யுங்கர் ஜப்பானுக்கு, ஜிங்கர்நாகல் இங்கிலாந்துக்கு. பழைய கிளிம்ட் என்றால் இதோடு கதை முடிந்திருக்கும், இரண்டு ஆண்டில் டிவிஷன் இறக்கம். ஆனால் 2021-லும் பட்டம் வென்றார்கள். என்னைக் கேட்டால் 2020 பட்டத்தைவிட இதுதான் பெரிது. ஆட்களை நம்பிய கிளப் முறையை நம்புகிற கிளப்பாக மாறிவிட்டது என்பதற்கு முதல் சான்று இது.

வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விதமும் அதோடு சேர்ந்ததுதான். பெரிய பெயர்கள் வேண்டாம், அவர்களை வாங்கக் காசும் இல்லை. வேறு கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதவர்கள், ஆனால் இந்த ஆட்டத்துக்குத் தேவையான ஒரு திறமை உள்ளவர்கள். ரோசன்போர்க்கில் இடம் பிடிக்க முடியாமல் வந்த எரிக் போத்ஹைம் அப்படி ஒருவர். நைஜீரியாவிலிருந்து சிறு வயதில் வந்த விக்டர் பானிஃபேஸ் இங்கேயிருந்து பெல்ஜியம் போய், பின்னர் லெவர்குசனோடு ஜெர்மன் சாம்பியன் ஆனார்.

2021 அக்டோபர் 21. ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகில், புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜோசே மொரீனோவின் ரோமா ஆஸ்ப்மீராவுக்கு வந்தது. 6–1. போத்ஹைம் இரண்டு, பாத்ரிக் பெர்க் ஒன்று, ஊலா சூல்பாக்கன் இரண்டு, அமால் பெல்லெக்ரீனோ ஒன்று. மொரீனோ பயிற்சி கொடுத்த ஒரு அணி ஆறு கோல் வாங்கியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ரோமா தன் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் பலரை அன்று இறக்கவில்லை என்பது உண்மை. அதற்குப் பதில் ரோமிலேயே கிடைத்தது, அங்கே போய் 2–2. பிறகு கிளாஸ்கோவில் செல்டிக்கை 3–1, ஊரில் 2–0. அல்க்மார் அணியையும் தாண்டிக் காலிறுதிக்குப் போனார்கள். மறுபடி ரோமா. ஊரில் 2–1 வெற்றி, ரோமில் 4–0 தோல்வி.

அன்றிலிருந்து ஒரு வாதம் தொடர்ந்து கேட்கிறது: எல்லாம் அந்தச் செயற்கைப் புல்தரையால்தான், அந்தக் குளிரால்தான். ஆஸ்ப்மீராவில் இயற்கைப் புல் வளர்த்துப் பராமரிப்பது அந்தத் தட்பவெப்பத்தில் பெரும்பாடு, அதனால் அடியில் சூடேற்றும் வசதியோடு செயற்கைத் தரை போட்டிருக்கிறார்கள். பந்து அதில் வேகமாக ஓடும், துள்ளல் வேறு மாதிரி. தினமும் அதில் ஆடுகிறவர்களுக்கு அனுகூலம் உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே தரையில் நார்வேயின் எத்தனையோ கிளப்புகள் ஆடுகின்றன, அவை ரோமாவை வெல்லவில்லை. கிளிம்டே பல பத்தாண்டுகள் அதே குளிரில் ஆடித் தோற்றிருக்கிறது. கிளாஸ்கோவிலும் ரோமிலும் இருந்தது இயற்கைப் புல்.

2022-ல் மோல்டே பட்டத்தை எடுத்துக்கொண்டது. 2023-லும் 2024-லும் மீண்டும் கிளிம்ட். ஐந்து பருவத்தில் நான்கு பட்டம். சாம்பியன்ஸ் லீகின் வாசலில் மட்டும் இரண்டு முறை தடுக்கி விழுந்தார்கள், 2022-ல் டினாமோ ஸாக்ரெப்பிடம், 2024-ல் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரிடம். அந்த இரண்டாவது தோல்வி அவர்களை யூரோப்பா லீகுக்கு அனுப்பியது. போர்ட்டோவை 3–2 என்று வென்று தொடங்கினார்கள். பிளே-ஆஃபில் ட்வென்டே, அடுத்த சுற்றில் ஒலிம்பியாகோஸ், காலிறுதியில் ரோம் நகரத்தின் லாட்சியோ.

ஏப்ரல் 2025. ஊரில் சால்ட்னெஸ் இரண்டு கோல் அடிக்க 2–0. ஒரு காலத்தில் பதற்றம் தாங்காமல் ஆட்டத்தையே விட நினைத்த அதே ஆள். ரோமில் கூடுதல் நேரம் வரை போய் 3–1 தோல்வி, மொத்தத்தில் சமன், பெனால்டி. கோல்கீப்பர் நிகிதா ஹைக்கின் தடுத்த பெனால்டிகளால் 3–2 என்று கிளிம்ட் வென்றது. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதிக்குப் போன முதல் நார்வே ஆண்கள் கிளப். அரையிறுதியில் டாட்டன்ஹாம் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தது, லண்டனில் 3–1, போடோவில் 2–0. செயற்கைத் தரையைக் காரணம் காட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிரமம் இருக்கிறது. நார்வே லீக் மார்ச் கடைசியில் தொடங்கி நவம்பர் இறுதி வாக்கில் முடிந்துவிடும். ஐரோப்பாவின் நாக்அவுட் ஆட்டங்களோ பிப்ரவரி, மார்ச்சில். அப்போது எதிரணிகள் பருவத்தின் நடுவில் முழுச் சூட்டில் இருப்பார்கள், கிளிம்ட் ஓய்வு முடிந்து உடம்பைத் தயார் செய்துகொண்டிருக்கும். ஸ்பெயினுக்குப் போய் முகாம் போட்டு, நட்பு ஆட்டங்கள் ஆடி, அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்டுர்ம் கிராஸ் அணியை ஊரில் 5–0 என்று வென்று முதன்முறையாகச் சாம்பியன்ஸ் லீகுக்குள் நுழைந்தார்கள். முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை, மூன்று டிரா, மூன்று தோல்வி. யுவென்டஸிடம் ஊரில் 3–2 என்று கடைசி நேரத்தில் பறிகொடுத்தார்கள், டோர்ட்மண்டில் 2–2. ஒரு மாதத்துக்கும் மேல் போட்டி ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டு, 2026 ஜனவரி 20-ல் மான்செஸ்டர் சிட்டியை எதிர்கொண்டார்கள். காஸ்பர் ஹோக் இரண்டு, ஹௌகே ஒன்று, 3–1. எட்டு நாளில் மாட்ரிட் போய் அட்லெட்டிகோவையும் 2–1 என்று வென்று அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றார்கள். ஆறு ஆட்டம் வெற்றி இல்லாத அணி மனம் தளராமல் அதே ஆட்டத்தை ஆடியது என்பதுதான் இதில் முக்கியமானது.

ஹௌகேவின் பெயர் இங்கே திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். மிலனிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் எதிர்பார்த்தபடி அமையாமல் 2024-ல் ஊர் திரும்பினார். பாத்ரிக் பெர்க் பிரான்சின் லென்ஸ் கிளப்புக்குப் போய் சில மாதங்களில் வந்துவிட்டார். ஃபிரெட்ரிக் பியோர்கான் பெர்லினிலிருந்து, ஹோகோன் எவ்யென் நெதர்லாந்து, டென்மார்க் சுற்றிவிட்டு. வெளியே தோற்றுத் திரும்பியவர்கள் என்று இவர்களைச் சொல்கிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. நல்ல வீரன் ஊருக்குத் திரும்பினால் ஐரோப்பாவின் பெரிய மேடையும் இங்கேயே கிடைக்கிறது என்ற நிலையைக் கிளப் உருவாக்கிவிட்டது. ஹரால்ட் பெர்க் காலத்தில் திரும்பி வந்தவர்களுக்கு அப்படி ஒரு மேடை இல்லை, சில ஆண்டுகள் நேராக ஏறும் வழிகூட இல்லை.

ஆஸ்ப்மீராவில் எட்டாயிரம் பேர் அளவுக்குத்தான் இடம். பத்தாயிரம் இருக்கைகளோடு புதிய அரங்கம் கட்டும் திட்டம் போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பியப் போட்டிப் பணமும் வீரர்களை விற்ற பணமும் சேர்ந்து, காலி பாட்டில் சேகரித்த கிளப் இன்று நாட்டின் மிகப் பணக்காரக் கிளப்புகளில் ஒன்று. இதில் ஒரு கவலையும் இருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் பணம் ஒரே கிளப்புக்குப் போய்க்கொண்டே இருந்தால், மற்ற 15 கிளப்புகளும் எப்படி ஈடு கொடுக்கும்? ரோசன்போர்க் காலத்தில் 13 ஆண்டுகள் நாடு இதைப் பார்த்தது. அப்போது டிரொண்ட்ஹைமைக் குறை சொன்னவர்களில் வடக்கத்தி ரசிகர்களும் இருந்தார்கள். வடக்கு இப்போது மேலே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, ஆனாலும் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க மாட்டேன். லீக் சுவாரஸ்யமாக இருந்தால்தான் கிளிம்டுக்கும் வாரந்தோறும் தரமான ஆட்டம் கிடைக்கும். அது இல்லாமல் ஐரோப்பாவில் வேகம் பிடிக்க முடியாது.

இதுவரைக்கும் அந்தப் பயம் முழுசாக நிஜமாகவில்லை. 2025 பருவத்தில் ஸ்டவாங்கர் நகரத்து விக்கிங், 1991-க்குப் பிறகு தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. மான்செஸ்டர் சிட்டியை இரண்டு மாதத்தில் வெல்லப்போகிற கிளிம்ட், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம்.